ஒஸ்லோவில் நெடுந்தூர ஸ்கீ: முதன்முறை பழகும் பெரியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒஸ்லோவில் பள்ளி செல்லும் பிள்ளை உள்ள வீடுகளுக்குத் தை பிறந்ததும் ஒரு செய்தி வந்து சேரும்: வரும் வியாழன் ஸ்கீ நாள், பிள்ளையை ஸ்கீ, கோல்கள், சூடான பானம், மாற்றுக் கையுறை ஆகியவற்றுடன் அனுப்பவும். பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் பாலர் பாடசாலைக் காலத்திலேயே விழுந்தெழும்பிப் பழகிவிடுகிறார்கள். கடற்கரையிலும் வயல்வரம்பிலும் வளர்ந்து, பெரியவர்களான பின் இந்த நாட்டுக்கு வந்த பெற்றோர்தான் தடத்தின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறோம். நான் பதினைந்து குளிர்காலங்களை அப்படி நின்றே கழித்துவிட்டு, நாற்பத்திரண்டாவது வயதில் ஸ்கீயில் ஏறியவன். அந்த வயதில் எது தடுக்கிறது, எது கைகொடுக்கிறது, எதை எந்த வரிசையில் பழக வேண்டும் என்பவற்றை இங்கு எழுதுகிறேன்.

நோர்வேயியர் லாங்ரென் என்று சொல்லும் இந்த நெடுந்தூர ஸ்கீயை, தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டப்படும் மலைச்சரிவு ஸ்கீயோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சரிவு ஸ்கீயில் இழுவைக் கம்பி உங்களை மேலே கொண்டுபோய் விடும். சப்பாத்து முழுவதும் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். கீழே இறங்குவதே அங்கு விளையாட்டு. லாங்ரெனில் சப்பாத்தின் முனை மட்டுமே பூட்டப்படும், குதிகால் தாராளமாக மேலெழும். ஏற்றம், சமநிலம், இறக்கம் மூன்றையும் சொந்தக் கால்களாலேயே கடக்க வேண்டும். நடக்கத் தெரிந்த எவருக்கும் இதன் பாதி ஏற்கெனவே தெரியும் என்று பழக்குநர்கள் சொல்வது சமாதானத்துக்காகச் சொல்வதன்று. மீதிப் பாதியில்தான் வேலை இருக்கிறது. (ஸ்கீ என்ற சொல் பிளந்த மரத்துண்டைக் குறிக்கும் பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்தது, நோர்வேயியர் அதை 'ஷீ' என்று உச்சரிப்பதால், கடையில் 'ஸ்கீ' என்று கேட்டால் ஒரு கணம் விழிப்பார்கள்.)

லாங்ரெனிலும் இரண்டு முறைகள் உண்டு. பனியில் வெட்டப்பட்ட இரு இணையான பள்ளங்களுக்குள் கால்களை நேராக முன்வைத்துச் செல்வது கிளாசிக் முறை. பள்ளங்களுக்கு அருகிலுள்ள அகன்ற தட்டைப் பரப்பில், பனிக்கட்டித் தரையில் ஸ்கேட் ஓடுபவர் போல் கால்களை மாறி மாறிப் பக்கவாட்டில் தள்ளிச் செல்வது ஸ்கேட்டிங் முறை. 1980களில்தான் இது போட்டிகளில் பரவியது. தொடங்குவோர் கிளாசிக் முறையையே எடுக்க வேண்டும். ஸ்கேட்டிங் கண்ணுக்கு அழகானது, ஆனால் முதல் குளிர்காலத்தில் அது நுரையீரலை உருவிவிடும்.

பலகை ஒரு வில்

எந்தப் பொருளையும் வாங்கும் முன், எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்கீயைத் தட்டையான தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், முன்பகுதியும் பின்பகுதியும் தரையைத் தொட, காலுக்கு நேர்கீழான நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடாமல் வில்லாக வளைந்திருப்பது தெரியும். இரு கால்களிலும் எடையைச் சமமாகப் பகிர்ந்து நிற்கும்போது அந்த வளைவு முழுதாக அழுந்தாது; ஆகவே முன்னும் பின்னும் உள்ள வழவழப்பான பகுதிகள் மட்டும் பனியில் வழுக்கும். முழு எடையையும் ஒரே காலுக்கு மாற்றிக் கீழ்நோக்கி அழுத்தும் கணத்தில் வில் தட்டையாகி, நடுவிலுள்ள பிடிமானப் பரப்பு பனியைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கவ்வலை உதைத்துத்தான் மற்றக் காலில் முன்னோக்கி வழுக்குகிறோம்.

புதியவர்களின் தடுமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே பிறக்கின்றன. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் எடையை இரு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறோம். வில் பாதி மட்டும் அழுந்துகிறது. உதைத்த கால் பிடிப்பில்லாமல் பின்னோக்கி வழுக்குகிறது. அதைச் சரிக்கட்டக் கோல்களை வெறித்தனமாக ஊன்றுகிறோம். கால்மணிக்குள் தோள்கள் ஓய்ந்துவிடுகின்றன. இந்தப் பின்வழுக்கலை நோர்வேயியர் 'பாக்கிளாட்' என்பர். தடத்தில் ஒருவரின் முகச்சுளிப்பை விளக்க அந்த ஒரு சொல் போதும்.

என் முதல் மாதம் முழுவதும் பாக்கிளாட்டாகவே போனது. ஸ்கீயின் நீளத்துக்கு உயரத்தோடு இருபது சென்றிமீற்றரைக் கூட்டு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என்னைவிடப் பதினைந்து கிலோவாவது கூடிய ஒருவர் பயன்படுத்திய போட்டி ஸ்கீயைப் பழைய பொருள் விற்பனையில் மலிவாக வாங்கியிருந்தேன். சிறிய ஏற்றத்திலும் நான் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ட மாடிவீட்டு மூதாட்டி, கட்டட வாசலில் என்னை ஸ்கீயோடு நிறுத்தி, விளம்பரத் தாளொன்றைக் காலடியில் செருகி, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நான் முழு எடையையும் போட்டு நின்றபோதும் அந்தத் தாள் பலகைக்கடியில் தாராளமாக முன்னும் பின்னும் நகர்ந்தது. 'இந்த ஸ்கீக்கு நீங்கள் போதாது' என்றார். அன்றுதான் வில்லைப் பற்றி விளங்கிக்கொண்டேன்.

பொருட்களைத் தேர்ந்தெடுத்தல்

முதல் இரண்டு மூன்று தடவைகள் எதையும் வாங்காமல் வாடகைக்கோ இரவலாகவோ எடுத்துப் பழகுங்கள். நோர்வேயின் பல இடங்களில் 'பூவா' என்ற அமைப்பின் களஞ்சியங்கள் விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் கொடுக்கின்றன. பிள்ளைகளையும் இளையோரையும் நோக்கியே அவை தொடங்கப்பட்டாலும், பெரியவர்களுக்கும் கொடுக்கும் களஞ்சியங்கள் உண்டு. உங்கள் பகுதியில் எப்படி என்று நேரில் கேட்டுப் பாருங்கள்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் சப்பாத்திலிருந்து தொடங்குங்கள். நடுத்தரத் தடிப்புள்ள கம்பளிக் காலுறை ஒன்றை அணிந்து போடும்போது விரல்கள் தாராளமாக அசைய வேண்டும், குதிகால் மேலெழும்பக் கூடாது. இரண்டு காலுறைகளைத் திணித்தால் சூடு கூடும் என்று நினைப்பது தவறு. இறுக்கம் இரத்த ஓட்டத்தைக் குறைத்து விரல்களை விறைக்கவைக்கும். சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்ப்பதும் முக்கியம். இன்று பெருமளவில் விற்கப்படும் என்.என்.என். வகைச் சப்பாத்தின் அடியில் இரண்டு நீளப் பள்ளங்கள் இருக்கும், பழைய எஸ்.என்.எஸ். வகையில் ஒரே அகன்ற பள்ளம் இருக்கும். ஒன்றின் சப்பாத்து மற்றதன் பூட்டில் ஏறாது. பழைய பொருள் வாங்கி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மூன்று ஊசித் துளைகளுடன் வாத்து அலகுபோல் நீண்ட முனையுள்ள தோல் சப்பாத்தைக் கண்டால், அது பிரோர் வித் என்பவர் 1927இல் உருவாக்கிய ரொட்டஃபெல்லா பூட்டின் வழிவந்தது. எலிப்பொறி என்று பொருள்படும் பெயர். பார்த்து மகிழலாம், பழகுவதற்கு வேண்டாம்.

ஸ்கீயின் நீளத்துக்கு உயரத்தோடு ஏறத்தாழ 20 சென்றிமீற்றரைக் கூட்டும் கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. 165 சென்றிமீற்றர் உயரமுள்ளவருக்கு 185 அளவில் வரும். உண்மையில் தீர்மானிப்பது உங்கள் எடையும் ஸ்கீயின் விறைப்பும்தான். நல்ல கடைகளில் எடையைக் கேட்டு, அழுத்தமானியில் வைத்துப் பார்த்துத் தருவார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் மாடிவீட்டு மூதாட்டியின் முறையே போதும்: தட்டையான தரையில் இரு ஸ்கீகளிலும் சமமாக நிற்கும்போது காலடியிலுள்ள கடுதாசி எளிதாக நகர வேண்டும், ஒற்றைக் காலில் முழு எடையுடன் நிற்கும்போது அது அசையாமல் சிக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட சந்தேகம் வந்தால், தொடங்குவோர் சற்று மென்மையான ஸ்கீயையே எடுப்பது நல்லது. வேகம் கொஞ்சம் குறையும். ஏற்றத்தில் மானம் காக்கும்.

பிடிமானப் பரப்பு மூன்று வகைப்படும். முதலாவது, காலடியில் மொகேர் என்னும் ஆட்டு உரோமப் பட்டைகள் ஒட்டப்பட்ட ஃபெல்லஸ்கீ. உரோமம் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே போகும்போது வழுக்கும், பின்னே உதைக்கும்போது எதிர்த்து நிற்கும். பூனையின் முதுகை இரு திசையிலும் தடவிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டாவது, மீன்செதில் போன்ற வெட்டுகள் கொண்ட பிளாஸ்ரிக் அடி. பராமரிப்பே தேவையில்லை, ஆனால் சரசரவென்று ஒலியெழுப்பும், வழுக்கலும் குறைவு. மூன்றாவது, ஒவ்வொரு நாளும் வெப்பநிலைக்கேற்ப மெழுகு பூசும் ஸ்கீ. பச்சை கடுங்குளிருக்கு, நீலம் சுழியத்துக்குக் கீழ் சில பாகைகளுக்கு, ஊதா சுழியத்தையொட்டி, சிவப்பு அதற்குச் சற்று மேலே, உருகி உறைந்த பனிக்குக் குழாயிலிருந்து பிதுக்கும் கிளிஸ்டர் என்னும் பசை: இதுவே மெழுகின் அரிச்சுவடி. சரியான மெழுகு அமைந்த ஸ்கீயை எதுவும் வெல்லாது என்று பழையவர்கள் சத்தியம் செய்வார்கள்; அதில் உண்மையும் உண்டு. ஆனாலும், முதல் குளிர்காலத்தில் நீங்கள் பழக வேண்டியது உங்கள் கால்களை. பனியின் வெப்பநிலையோடு மல்லாடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஃபெல்லஸ்கீயை எடுங்கள். உரோமப் பட்டைமீது சாதாரண மெழுகைத் தேய்க்கக் கூடாது, நனைந்த ஸ்கீயை வெப்பமூட்டியின்மேல் சாய்க்கவும் கூடாது என்பவற்றை நினைவில் வைத்தால் போதும். பழைய ஸ்கீயோடு யாராவது மெழுகுப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தால் புளோர் (புளோரின் கலந்த மெழுகு) என்று எழுதியவற்றைப் பயன்படுத்த வேண்டாம். உடலுக்கும் சூழலுக்கும் கேடு என்பதால் 2023-24 பருவத்திலிருந்து அது சர்வதேசப் போட்டிகளில் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது.

கிளாசிக் கோலின் நீளம் உயரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு. 165 சென்றிமீற்றருக்கு 140. சப்பாத்தோடு நிற்கும்போது தோள்மட்டத்தைத் தாண்டக் கூடாது.

பிள்ளைகளுக்கு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக எடுப்பது நம் வீடுகளின் வழக்கம். பள்ளிச் சட்டைக்கு அது பொருந்தலாம். நீண்டு விறைத்த ஸ்கீயில் நிற்கும் பிள்ளை பாக்கிளாட்டில் அழுது, ஸ்கீயையே வெறுத்துவிடும். ஆண்டுதோறும் மாற்றுங்கள், பழையதை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.

உடை

நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல் உற்ற துணை இல்லை. இங்கே அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும், உள்ளாடை உட்பட. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நின்றால் அது உடலோடு ஒட்டிய ஈரப் போர்வையாகிவிடும். தோலையொட்டி மெல்லிய கம்பளி, தேவையானால் அதன்மேல் இன்னொரு மெல்லிய அடுக்கு, வெளியே காற்றைத் தடுக்கும் இலேசான மேற்சட்டை, காதை மூடும் தொப்பி, மெல்லிய கையுறை: நகர்ந்துகொண்டிருப்பவருக்கு இவை போதும். வீட்டுவாசலில் சற்றுக் குளிராக இருந்தால் அளவாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். இதமாக இருந்தால் கால்மணியில் வியர்த்து வழியும். இறகு நிரப்பிய தடித்த மேலங்கியை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, நிற்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

நாளும் இடமும்

எந்த நாளில் தொடங்குகிறோம் என்பது பாதி வெற்றி. சுழியத்துக்குக் கீழ் 2 முதல் 8 பாகை வரையான குளிரில், புதிதாகச் சீரமைக்கப்பட்ட தடத்தில், வார நாளின் பகல்வேளையில் தொடங்குவதைவிடச் சிறந்தது இல்லை. அது சுழியத்துக்குக் கீழ் 15 பாகையையும் தாண்டிப் போனால் பனிமணிகள் மணல்போல் உரசும், முகமும் விறைக்கும். இதைவிட மோசமானது, பகலில் உருகி இரவில் உறைந்த தடம். பள்ளங்கள் கண்ணாடிக் குழாய்களாகிவிடும். பழகியவர்களே அன்று தயங்குவார்கள். வெயிலடிக்கிறதே என்று அப்படிப்பட்ட காலையில் புதியவரை அழைத்துச் செல்லும் நண்பரை, நண்பராகவே வைத்துக்கொண்டு, அன்று மட்டும் மறுத்துவிடுங்கள்.

ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு இடத்துக்குக் குறைவில்லை. நகரைச் சூழ்ந்த காட்டை மார்க்கா என்பர். வடக்கே நூர்மார்க்கா, வடகிழக்கே லில்லோமார்க்கா, கிழக்கே ஓஸ்ட்மார்க்கா. ஸ்கீயைத் தோளில் சாய்த்து நிலத்தடி ரயிலில் ஏறி, சொங்ஸ்வான் என்ற கடைசி நிலையத்தில் இறங்கினால் காட்டின் விளிம்பிலேயே நிற்பீர்கள். நம்மவர் பலர் வாழும் குரூருட் பள்ளத்தாக்கிலிருந்து லில்லோமார்க்கா கூப்பிடு தூரம். தடங்களைச் சீரமைக்கும் ஸ்கீஃபோரெனிங்கன் என்ற சங்கம் 1883இல் தொடங்கியது. எந்தத் தடத்தில் இயந்திரம் கடைசியாக எப்போது ஓடியது என்பதை அதன் இணையத்தளத்திலும் செயலியிலும் பார்த்துவிட்டுப் புறப்படலாம். பெரியவர்களுக்கான பயிற்சி வகுப்புகளையும் அந்தச் சங்கம் நடத்துகிறது. ஒரே ஒரு வகுப்புக்குப் பணம் செலவழிக்க முடியுமானால், புதிய சப்பாத்தைவிட அது கூடுதலாக உதவும். மார்கழியில் சூரியன் ஆறு மணி நேரமே தலைகாட்டும் நகரத்தில், வேலைவிட்டு வருபவர்களுக்கு மின்விளக்குக் கம்பங்கள் நிற்கும் லீஸ்லெய்ப்ப என்னும் ஒளித்தடங்களே கதி. அவற்றில் சில செங்குத்தானவை. பகலில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: கோல்கள் இல்லாமல்

முதல் நாளுக்குத் தடமே வேண்டாம். பனி மிதித்து இறுகிய தட்டையான விளையாட்டுத் திடல் போதும், முக்கால் மணி நேரம் போதும். கோல்களை ஓரத்தில் குத்தி வைத்துவிடுங்கள். கையில் கோல் இருந்தால் பயம் கைகளுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். கால்கள் எதையும் கற்காது.

சப்பாத்தின் முனையிலுள்ள கம்பியைப் பூட்டின் வாயில் வைத்துக் கீழே அழுத்தினால் கிளிக் என்ற ஒலி கேட்கும். ஒலி வராவிட்டால் சப்பாத்தின் அடியில் பனி ஒட்டியிருக்கிறது. கோல் முனையால் சுரண்டிவிட்டு மறுபடி அழுத்துங்கள். நின்ற இடத்திலேயே ஒரு ஸ்கீயை ஓரடி உயர்த்தி இறக்குங்கள், பின் மற்றதை. முன்பகுதிகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, குதிகால்களை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு முழு வட்டம் சுற்றுங்கள். கணுக்காலும் முழங்காலும் சற்று மடிந்து, உடல் இலேசாக முன்சாய்ந்து, கைகள் தளர்ந்து தொங்க நிற்பதே அடிப்படை நிலை. இடுப்பை மட்டும் பின்னே தள்ளிக் கதிரையில் உட்காருவதுபோல் நின்றால், ஸ்கீகள் முன்னே ஓடிவிட நீங்கள் உண்மையிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

அடுத்தது, வேண்டுமென்றே விழுவது. பக்கவாட்டில், பிட்டத்தின்மேல், கைகளை ஊன்றாமல் சரியுங்கள். எழும்பும் முறை இது: முதுகில் புரண்டு, சிக்கிய ஸ்கீகளை வானத்தில் பிரித்து, இரண்டையும் இணையாக ஒரே பக்கத்தில் கிடத்துங்கள், பின் முழங்கால்களுக்கு வந்து, ஒரு காலை முன்வைத்து எழும்புங்கள். சரிவில் விழுந்தால் ஸ்கீகள் சரிவுக்குக் குறுக்கே, உங்களுக்குக் கீழ்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் எழும்பும்போதே வழுக்கத் தொடங்கிவிடும். இதை ஐந்து முறை செய்து பார்த்தவருக்கு விழுவதில் இருந்த கூச்சம் போய்விடும். பெரியவர்களைத் தடுப்பதில் வலிக்கும் பயத்தைவிட, நாலு வயதுப் பிள்ளைகள் பார்த்துவிடுமே என்ற இந்தக் கூச்சத்தின் பங்குதான் பெரிது.

இனி நடை. முதலில் வழுக்க முயலாமல் வெறுமனே நடந்து, பிறகு மெல்லோட்டமாக ஓடுங்கள். ஓடும்போது உடல் தானாகவே ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு முழு எடையையும் மாற்றுகிறது. நாம் தேடும் பழக்கம் அதுதான். பிறகு வலது ஸ்கீயைக் கழற்றி வைத்துவிட்டு, சப்பாத்தால் பனியை உதைத்து, இடது ஸ்கீயில் மட்டும் பிள்ளைகளின் உதைவண்டிபோல் வழுக்குங்கள். மூக்கு, முழங்கால், பெருவிரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அந்த ஒற்றை ஸ்கீக்கு மேலே வரும்போது மட்டும் அது இரண்டு மூன்று மீற்றர் அமைதியாக ஓடும். தலை நடுவே தங்கினால் உடனே நின்றுவிடும். கால் மாற்றிச் செய்யுங்கள். ஒருவருக்கு ஒரு கால் எப்போதும் மோசமாக இருக்கும். எனக்கு இடது. மோசமான காலுக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

கோல்களோடு தடத்தில்

இரண்டாம் மூன்றாம் நாட்களில் தடத்துக்கு வரலாம். கோலின் வாரைப் பிடிக்கும் முறையைப் பலர் ஆண்டுக்கணக்கில் தவறாகவே செய்கிறார்கள்: கையை வாரின் கீழிருந்து மேலாக நுழைத்து, பின் வாரையும் பிடியையும் சேர்த்துப் பற்ற வேண்டும். அப்போதுதான் தள்ளி முடிந்ததும் விரல்களைத் தளர்த்தலாம், வார் கோலைத் தாங்கிக்கொள்ளும். புதிய வகை வார்களில் வலம் இடம் குறிக்கப்பட்டிருக்கும்.

கிளாசிக்கின் அடிப்படை நடையைத் தியகொனால் என்பர். வலது கால் உதைக்க இடது கை முன்னே வரும், அதாவது தெருவில் நடப்பதேதான். யோசிக்கத் தொடங்கியதும் ஒரே பக்கக் கையும் காலும் சேர்ந்து வரும் வேடிக்கை எல்லோருக்கும் நடக்கும். நின்றுவிட்டு, கோல்களைப் பின்னால் இழுபடவிட்டு வெறுமனே நடங்கள். பத்தாவது அடியில் கைகள் தாமாகவே சரியாகும். உதை கீழ்நோக்கியும் சுருக்கென்றும் இருக்க வேண்டும், இரு பாதங்களும் ஒன்றையொன்று கடக்கும் கணத்தில். கால் பின்னே போன பிறகு உதைத்தால் வில் ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டிருக்கும், பிடிப்பு இருக்காது. பழக்குநர் ஒருவர் எங்களுக்குச் சொன்ன உவமை, தரையில் கிடக்கும் எறும்பை மிதிப்பதுபோல் என்பது. பின்னாலிருக்கும் கல்லைத் தள்ளுவதுபோல் அல்ல.

சற்றே இறங்கும் தடத்தில் கால்களை இணையாக வைத்து, இரு கோல்களையும் ஒன்றாக ஊன்றித் தள்ளும் ஸ்டாக்கிங் கைகொடுக்கும். கைகளால் இழுக்காமல், வயிற்றைச் சுருக்கி மேலுடலின் எடையைக் கோல்களின்மேல் விழவிடுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்

மென்மையான ஏற்றத்தில் அடியைச் சுருக்கி, மெல்லோட்டமாக ஏறலாம். பிடிமானம் விட்டுப்போகும் அளவுக்குச் செங்குத்தானால் தடத்திலிருந்து வெளியேறி, முன்முனைகளை அகல விரித்து, உள்விளிம்புகளைப் பனியில் பதித்து வாத்துபோல் ஏற வேண்டும். பின்னே விட்டுச் செல்லும் சுவடு மீன்முள்ளைப் போலிருப்பதால் ஃபிஸ்கபெய்ன் என்று பெயர். அதுவும் முடியாவிட்டால் சரிவுக்குக் குறுக்கே நின்று பக்கவாட்டில் படியேறுங்கள்.

இறக்கத்தைப் பற்றி நீண்டு எழுதக் காரணம் உண்டு: புதியவர்கள் காயப்படுவது பெரும்பாலும் இங்கேதான். எந்த மேட்டிலும் ஏறும் முன் கலப்பை நிறுத்தம் தெரிந்திருக்க வேண்டும். நோர்வேயியரும் இதைக் கலப்பை என்றே, புலோக் என்று, சொல்கிறார்கள். முன்முனைகளை நெருக்கி, குதிகால்களை வெளியே தள்ளி, முழங்கால்களை மடித்து, உள்விளிம்புகளால் பனியைச் சுரண்டியபடி இறங்குவது. வீட்டு முற்றத்தளவு சரிவில், அடியில் தட்டையாக முடியும் இடத்தில், முதலில் நேராக வழுக்கி நிற்கவும், பிறகு கலப்பையால் பாதியில் நிறுத்தவும் பழகுங்கள். லாங்ரென் ஸ்கீயின் விளிம்பில் சரிவு ஸ்கீயைப் போல் உருக்குப் பட்டை இல்லை. ஆகவே உறைந்த பனியில் கலப்பை முழுதாகக் கேட்காது. வேகம் கூடிய பின் கலப்பை போட முயல்வதைவிட, மேட்டின் உச்சியிலேயே தடத்தை விட்டு வெளியேறிக் கலப்பையோடு தொடங்குவது எளிது. ஒரு காலைப் பள்ளத்துக்குள் விட்டு, மற்றக் காலை மட்டும் வெளியே கலப்பையாக வைத்து வேகத்தைக் குறைக்கும் அரைக் கலப்பை, நீண்ட மென்சரிவுகளில் மிகவும் பயன்படும். கோல் முனைகள் எப்போதும் பின்னோக்கியே இருக்கட்டும்; முன்னே நீட்டினால் வயிற்றில் குத்தும். கட்டுப்பாடு கைமீறினால் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள். ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டு, தடத்தின் ஓரமாக நடந்து இறங்குவதும் முற்றிலும் மரியாதையான வழி. நான் சில இறக்கங்களை இன்றும் அப்படித்தான் கடக்கிறேன்.

தடத்தின் ஒழுங்குகள் சில. வலப்பக்கம் செல்லுங்கள். இறங்கி வருபவரால் உடனே நிற்க முடியாதென்பதால், ஏறுபவர் வழிவிட வேண்டும். நிற்பதானால், விழுந்தாலும்கூட, முதலில் தடத்தை விட்டு வெளியேறுங்கள்; அதுவும் மேட்டின் அடியிலோ வளைவிலோ நிற்கவே கூடாது. பள்ளங்களின்மேல் சப்பாத்துக் காலால் மிதித்தால் அந்தக் குழிகள் இரவில் உறைந்து மறுநாள் யாரையோ வீழ்த்தும். மரங்களில் சிவப்பு அடையாளம் ஸ்கீ தடத்தையும், நீலம் கோடைகால நடைபாதையையும் குறிக்கும்; இருட்டத் தொடங்கும் நேரத்தில் இந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.

முதல் நெடும்பயணம்

நாலைந்து தடவை பழகிய பின் காட்டுக்குள் ஒரு பயணம் போகலாம். பலரும் சொங்ஸ்வானிலிருந்து உல்லவோல்செத்தர் என்ற காட்டு விடுதிக்குப் போகச் சொல்வார்கள். ஒருவழி ஐந்து கிலோமீற்றருக்குச் சற்று மேல், பெரும்பாலும் ஏற்றம். உச்சியில் அடுப்பெரியும் மண்டபமும் வாஃபலும் காத்திருக்கும். அருமையான பாதைதான். ஆனால் ஏறியதையெல்லாம் இறங்கியே திரும்ப வேண்டும் என்பதையும், ஞாயிறு பகலில் அந்த இறக்கத்தில் திருவிழாக் கூட்டம் நிற்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கலப்பை கைவந்த பிறகு, வார நாளில் போங்கள். ரயிலில் ஃபுரொங்னர்செத்தரன் வரை ஏறிச் சென்று அங்கிருந்து தொடங்கினால் ஏற்றம் மிச்சம் என்ற யோசனையும் வரும். நகரை நோக்கித் திரும்பும் பாதைகளின் செங்குத்தை வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பையில் மாற்று உள்ளாடை, மாற்றுக் கையுறை, தலைவிளக்கு, முழுதாக மின்னேற்றிய கைபேசி ஆகியவை இருக்கட்டும். கைபேசியை உடலையொட்டி வையுங்கள். குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும். ஆம்புலன்ஸ் எண் 113. நோர்வேயியர் தோடம்பழமும், 1937 முதல் விற்கப்படும் குவிக் லுன்ஷ் சொக்கிளேற்றும், சூடான பிளாக்கரண்ட் பழச்சாறும் எடுத்துச் செல்வார்கள். எங்கள் பையில் இஞ்சித் தேநீரும் இடியப்பப் பிரட்டலும் போவதுண்டு. தோடம்பழத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம், ஆனால் வீட்டிலேயே உரித்து வைத்துவிடுங்கள், விறைத்த விரலால் உரிக்க முடியாது. அந்தச் சொக்கிளேற்று உறையில் ஒன்பது மலைவிதிகள் அச்சிடப்பட்டிருக்கும். 1967 ஈஸ்டர் விடுமுறையில் பல உயிர்களைப் பறித்த மலை விபத்துகளுக்குப் பின் நாடெங்கும் பரப்பப்பட்டவை அவை. நேரத்தோடு திரும்புங்கள், திரும்புவதில் வெட்கமில்லை என்ற விதியை இங்குள்ளோர் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள். புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த வலுவில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பினால்தான் இறக்கத்துக்குக் கால்கள் மிஞ்சும்.

விடுதியை அடைந்ததும் வாஃபலுக்கு வரிசையில் நிற்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கழிவறைக்குச் சென்று வியர்வையில் நனைந்த உள்ளாடையைக் கழற்றி, பையிலுள்ள உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது உடலே அடுப்பாக இருந்தது. திரும்பும்போது அரைமணி நேரம் காற்றை எதிர்த்து அசையாமல் வழுக்கிக்கொண்டிருப்பீர்கள், அந்த ஈரம் அப்போதுதான் எலும்புவரை இறங்கும். வெளியே சுவரில் சாய்த்து வைத்த ஸ்கீகளின் அடியையும் புறப்படும் முன் ஒருமுறை பாருங்கள். உரோமப் பட்டையில் பனிக்கட்டி பிடித்திருந்தால் கையுறையால் துடைத்துவிட்டு, கிளிக் என்ற ஒலி இரண்டு முறை கேட்ட பிறகு இறங்கத் தொடங்குங்கள்.